பிறர் கை விலகும் முன்: அயல்நாட்டு உதவியிலிருந்து சுயபலத்திற்கு

2025-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாட்டில் புதிய ஜனாதிபதி பதவியேற்றார். அந்நாடு பிற நாடுகளுக்கு அளித்துவந்த அபிவிருத்தி உதவிகளை நிறுத்திவைத்துப் பரிசீலனை செய்யவேண்டும் என்று அன்றைய தினமே உத்தரவு பிறந்தது. உதவிகளை நிர்வகித்துவந்த யு.எஸ்.எய்ட் என்ற ஸ்தாபனத்தின் திட்டங்களில் நூற்றுக்கு 83 ரத்து செய்யப்பட்டதாக மார்ச் மாதத்தில் அறிவித்தார்கள். 1961-இல் தோன்றிய அந்த ஸ்தாபனம் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு தன் பணியை முடித்துக்கொண்டது. பிரிட்டனும், தேசிய வருமானத்தில் நூற்றுக்கு அரைப் பங்காக இருந்த தன் உதவியை 2027-க்குள் 0.3 பங்காகக் குறைக்கப்போவதாக அதே ஆண்டில் தெரிவித்தது.

இவ்வுதவியை நம்பி மருத்துவ நிலையங்களையும் பள்ளிகளையும் நடத்திவந்த பல ஏழை நாடுகள் இதனால் திகைத்து நின்றன. உதவி என்றாவது ஒரு நாள் நிற்கும் என்பதை அவை அறியாமலில்லை. ஆயினும், நிற்கும் நாளுக்குரிய ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்த நாடுகள் சிலவே.

இந்நிலையில், முன்பு இதே நெருக்கடியைக் கடந்து சென்ற நாடுகள் எவ்வாறு கடந்தன என்று ஆராய்வது பயனுடையதாகும். சர்க்கார் மானியமும் கடனும் பெற்று வளர்ந்துவரும் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களான நமக்கு இவ்விஷயம் தூரத்து விஷயமன்று. நாட்டின் அளவில் நிகழ்வதே சங்கத்தின் அளவிலும் நிகழ்கிறது.

உதவியின் மூன்று உருவங்கள்

அயல்நாட்டு உதவி என்றதும் பணமூட்டை கப்பலேறி வருவதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது மூன்று உருவங்களில் வருகிறது. முதலாவது, பண்டம்: கோதுமை, பஞ்சு, உரம், இயந்திரம் போன்றவை. இரண்டாவது, பணம்: அதில் திருப்பித் தரவேண்டாத நன்கொடையும் உண்டு, குறைந்த வட்டிக் கடனும் உண்டு. மூன்றாவது, அறிவு: நிபுணர்களை அனுப்புதலும், இங்குள்ளவர்களை அழைத்துப் பயிற்றுவித்தலும்.

பண்டமாக வரும் உதவியில் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. பெறும் அரசாங்கம் அப்பண்டத்தைத் தன் மக்களிடையே விற்கிறது. விற்ற பணம் உள்நாட்டு நாணயமாக ஒரு தனிக் கணக்கில் சேர்கிறது. அந்தக் கணக்கிலிருந்து அணைக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறார்கள். ஆகவே ஒரே உதவி இரு முறை பயன்படுகிறது. அதே சமயத்தில், இலவசமாக வந்த பண்டத்தை மலிவாக விற்றால் உள்நாட்டில் அதே பண்டத்தை விளைவிப்பவனும் நெய்பவனும் நசித்துப்போவார்கள். உதவி உரமாவதும் களையாவதும் அதைக் கையாளும் முறையைப் பொறுத்தது.

தைவான் தீவின் கதை

உதவி பெற்று, அதை நல்ல முறையில் முடித்துக்கொண்ட நாடுகளில் தைவானின் வரலாறு மிகுந்த தெளிவுடையது. 1949-இல் சீனாவின் பெருநிலப்பரப்பில் தோல்வியுற்ற அரசாங்கம் அத்தீவுக்கு வந்து சேர்ந்தது. அதனுடன் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் வந்தனர். விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. அயல்நாட்டுச் செலாவணி இல்லை. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கா அத்தீவுக்கு மீண்டும் கைகொடுத்தது. 1951 முதல் 1965 வரை பொருளாதார உதவியாக வந்த தொகை ஏறத்தாழ 150 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சுமார் பத்துக் கோடி டாலர். அக்காலத்தில் தீவில் நடந்த மொத்த மூலதன முதலீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இவ்வுதவியே ஆதாரம்.

இவ்வளவு பெரிய தாங்குகோலை எடுத்த பின்னும் அந்தக் கட்டடம் சாயவில்லை. காரணத்தை அறிய, உதவி வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும்.

பஞ்சும் நூலும்

தைவானில் பருத்தி விளைச்சல் பெயரளவுக்கே இருந்தது. ஷாங்காய் முதலிய நகரங்களிலிருந்து சில ஆலை முதலாளிகள் கதிர்களையும் தறிகளையும் கொண்டுவந்திருந்தனர். ஆனால் நூற்கப் பஞ்சு இல்லை. துணியாகவே உதவியைக் கேட்டிருந்தால் மக்களின் அன்றைய தேவை தீர்ந்திருக்கும். அவர்கள் துணிக்கும் நூலுக்கும் பதிலாகப் பஞ்சைப் பெருமளவில் வரவழைத்தார்கள். உதவிப் பஞ்சை அரசாங்கம் ஆலைகளிடம் கொடுத்தது; ஆலைகள் கூலிக்கு நூற்றுத் திருப்பித் தந்தன; அந்நூலைத் தறிக்காரர்கள் கூலிக்கு நெய்து தந்தார்கள். சங்கம் நமக்கு நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிறதே, அதே ஏற்பாடுதான். வெளிநாட்டுத் துணிக்கும் நூலுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தார்கள்.

இம்முறையில் ஆலைக்காரனுக்கு நஷ்ட பயம் இல்லை. பஞ்சின் விலையும் நூலின் விற்பனையும் அவன் கவலையல்ல. ஆகவே தொழில் வெகு சீக்கிரம் வளர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தீவின் நூல் தேவையைத் தீவே பூர்த்தி செய்துகொண்டது. இவ்விடத்திலேதான் அந்த நிர்வாகிகளின் துணிவு வெளிப்பட்டது. தொழில் நிலைபெற்றதும், 1953-இல், கூலி நூற்பு ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். இனி ஆலை தன் பொறுப்பில் பஞ்சு வாங்கித் தன் பொறுப்பில் விற்கவேண்டும் என்றார்கள்.

பின்னர் உள்நாட்டுச் சந்தை நிரம்பிச் சரக்குத் தேங்கியது. சலுகை கேட்டு முறையிடுவது எந்நாட்டிலும் இயல்பே. அரசாங்கம், ஏற்றுமதிக்குரிய துணியில் சேர்ந்த மூலப்பொருளின் சுங்கவரியைத் திருப்பித் தந்தது. 1958 முதல் பலவகையாக இருந்த செலாவணி விகிதங்களைச் சில ஆண்டுகளில் ஒன்றாக்கி, ஒரு டாலருக்கு 40 தைவான் டாலர் என்று நிலைநிறுத்தியது. நாணயத்தின் மதிப்பு குறைந்ததால் உள்நாட்டில் இறக்குமதிப் பண்டம் விலையேறிற்று. ஆனால் வெளிநாட்டில் தைவான் துணி விலைபோயிற்று. 1960-களில் நெசவுப் பொருள்கள் அத்தீவின் தலையாய ஏற்றுமதிகளில் ஒன்றாயின. தானமாக வந்த பஞ்சு இவ்வாறு டாலர் சம்பாதிக்கும் துணியாக மாறியது. உதவி நின்றபோது பஞ்சு வாங்கும் பணம் அவர்கள் கையிலேயே இருந்தது.

நிலமும் சங்கமும்

விவசாயத்தில் நடந்தது இன்னும் ஆழமானது. 1948-இல் நாங்கிங்கில் ஏற்பட்டு, மறு ஆண்டு தைவானுக்குப் பெயர்ந்த கிராமப் புனர்நிர்மாணக் கூட்டுக் கமிஷனில் சீனர் மூவரும் அமெரிக்கர் இருவரும் உறுப்பினராக இருந்தனர். உதவிப் பணம் இதன் வழியாகவே கிராமத்துக்குச் சென்றது. இக்கமிஷன் கிராமங்களில் தனக்கென ஒரு பெரிய சிப்பந்திப் படையை வைத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே உள்ள விவசாயிகள் சங்கம், நீர்ப்பாசனச் சங்கம், மாவட்ட ஆட்சி ஆகியவற்றின் மூலமாகவே வேலை செய்தது. உதவி கேட்பவர் செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்கவேண்டும் என்ற ஒழுங்கையும் கடைப்பிடித்தது. கமிஷன் போனாலும் வேலை தெரிந்தவர்கள் கிராமத்திலேயே இருப்பார்கள் என்பது இதன் பலன்.

1949-இல் குத்தகை, விளைச்சலில் நூற்றுக்கு 37.5 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது. 1951-இல் பொது நிலங்கள் விற்கப்பட்டன. 1953-இல் உழுபவனுக்கே நிலம் என்ற சட்டம் வந்தது. நில உரிமையாளருக்கு ஈடாக விளைபொருள் மதிப்பிட்ட கடன்பத்திரங்களும் அரசாங்கத் தொழிற்சாலைகளின் பங்குகளும் கிடைத்தன. அதே காலத்தில் விவசாயிகள் சங்கங்களையும் சீர்திருத்தினார்கள். அதற்குமுன் சங்கங்களில் வியாபாரிகளும் நிலச்சுவான்தார்களும் ஆதிக்கம் செலுத்திவந்தனர். சீர்திருத்தத்தின்பின் உழவுத் தொழிலே ஜீவனமாக உடையவர் முழு அங்கத்தினர் ஆனார். ஏனையோர் துணை அங்கத்தினராக மட்டும் இருக்கலாம் என்றாயிற்று. சங்கத்தின் கடன் பகுதி கிராமத்துச் சேமிப்பை டிபாசிட்டாகப் பெற்று, அதையே விவசாயிக்குக் கடனாகக் கொடுத்தது. அயலார் பணத்துக்குப் பதில் அண்டை வீட்டார் சேமிப்பு கடனுக்கு மூலமாக மாறத் தொடங்கியது.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. உரத்துக்கு ஈடாக நெல்லை அரசாங்கத்துக்கு அளக்கவேண்டும் என்ற ஏற்பாடு 1973 வரை நீடித்தது. ஈட்டு விகிதம் விவசாயிக்குப் பாதகமாகவே இருந்தது. அது மறைமுக வரியே ஆகும். உதவியின்றி நாடு நிற்கக்கூடியதாக ஆனதன் சுமையில் ஒரு பெரும் பங்கைச் சுமந்தவன் விவசாயி என்பதை மறைப்பது நேர்மையாகாது.

தேதி குறித்துக்கொண்டு

1960-ஆம் ஆண்டில் தைவான் அரசாங்கம் 19 அம்சங்கள் கொண்ட பொருளாதாரச் சீர்திருத்தத் திட்டத்தை ஏற்றது. சேமிப்பை வளர்த்தல், வரி நிர்வாகத்தைச் சீர்செய்தல், ஏற்றுமதிக்கும் முதலீட்டுக்கும் உள்ள தடைகளை நீக்குதல் ஆகியவை அதன் சாரம். உதவி கொடுத்தவர்கள் இதை வற்புறுத்தியதும் உண்மை. வாங்கியவர்களில் தூரதிருஷ்டி உடையோர் இதை விரும்பியதும் உண்மை. அப்பால் நன்கொடை குறைந்து கடன் மிகுந்தது. திருப்பித் தரவேண்டிய பணம் என்றபோது எதற்குச் செலவிடுவது என்ற விவேகமும் கூடிற்று. 1956-இல் தொடங்கிய ஷிமென் அணை 1964-இல் முடிவுற்றது.

1964 மே மாதத்தில் அமெரிக்கா, 1965 ஜூன் 30-ஆம் தேதியோடு பொருளாதார உதவி முடிவுறும் என்று அறிவித்தது. ஓராண்டுக்கு மேலான அவகாசம் கிடைத்தது. முன்னர் அனுமதித்த பண்டங்களும் உபரி உணவுப் பொருள்களும் அதற்குப் பின்னரும் சில காலம் வந்தன. தனிக் கணக்கில் சேர்ந்திருந்த உள்நாட்டுப் பணத்தைக் கொண்டு 1965-இல் ஒரு நிரந்தர அபிவிருத்தி நிதியை நிறுவினார்கள். அதனால், உதவி முடிந்த பின்னும் கிராமப் புனர்நிர்மாணக் கமிஷனுக்குப் பணம் கிடைத்துவந்தது. 1979-இல் கமிஷன் மறைந்தபோது அதன் சிப்பந்திகளும் வேலையும் அரசாங்க விவசாய இலாகாவுக்குள் சேர்ந்தன.

தைவானிலிருந்து விவசாய நிபுணர்கள் 1959-இலேயே வியட்நாமுக்கும், 1961 முதல் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்று நெல் சாகுபடியைக் கற்பித்தார்கள் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. வாங்கும் கை நிற்பதற்கு முன்பே கொடுக்கும் கை பழகிவிட்டது.

இவ்வரலாற்றை அப்படியே பிற நாடுகளுக்குப் பொருத்திவிடலாகாது. தைவானுக்கு ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக் கால்வாய்களும் ரயில் பாதைகளும் இருந்தன. அமெரிக்கச் சந்தை திறந்திருந்தது. ராணுவ உதவி 1965-க்குப் பிறகும் நீடித்தது. 1987 வரை ராணுவச் சட்டம் அமலில் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் உதவியைக் கையாண்ட முறை எங்கும் பயிலத்தக்கது.

முதலில் எதை நிறுத்துவது?

ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா 1966-இல் சுதந்திரம் பெற்றபோது, அரசாங்கத்தின் அன்றாடச் செலவில் ஏறக்குறையப் பாதிக்கு பிரிட்டன் தரும் மானியமே ஆதாரம். சிப்பந்திகளின் சம்பளத்தையே அயலார் தந்தால் சுதந்திரம் பெயரளவில்தான் இருக்கும் என்பதை ஜனாதிபதி செரெட்சே காமாவும் அவருடன் பணியாற்றிய குவெட் மசிரேயும் உணர்ந்தனர். மற்ற உதவிகளுக்கு முன்பாக இம்மானியத்தை ஒழிப்பதே முதல் நோக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். 1969-இல் தென்னாப்பிரிக்காவுடன் சுங்க ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதி வருவாயைப் பெருக்கினார்கள். 1971-இல் ஒராபா வைரச் சுரங்கம் வேலை தொடங்கியது. 1972-73 நிதியாண்டோடு பிரிட்டிஷ் மானியம் நின்றது. சாலை, பள்ளி, கிணறு போன்ற நிலையான சொத்துக்களுக்கு மட்டும் உதவியை ஏற்பது தொடர்ந்தது.

வைரம் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. ஆனால் அவர்கள் வகுத்த வரிசைக்கு வைரம் தேவையில்லை. உண்பதற்கு வாங்கும் உதவியை முதலில் நிறுத்தவேண்டும். விதைப்பதற்கு வாங்கும் உதவி கடைசியில் நின்றால் போதும்.

படிப்படியாக ஏறும் பங்கு

ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வாங்கித்தர 2000-ஆம் ஆண்டில் தோன்றிய காவி என்ற சர்வதேச ஸ்தாபனம் இவ்விஷயத்தில் ஓர் ஒழுங்கான முறையைப் பின்பற்றுகிறது. மிக ஏழ்மையான நாடும் ஓர் ஊசி மருந்துக்கு 20 சென்ட் அளவில் தன் பங்கைக் கட்டத் தொடங்கவேண்டும். வருமானம் உயர உயரப் பங்கும் ஆண்டுதோறும் ஏறும். குறிப்பிட்ட வருமான எல்லையைக் கடந்ததும், சில ஆண்டுகளுக்குள் முழு விலையையும் அந்நாடே ஏற்கவேண்டும். இவ்வாறு 2016 முதல் தன் தடுப்பூசிச் செலவை முழுவதும் ஏற்ற நாடுகளுள் இலங்கையும் பூட்டானும் உண்டு. பூட்டான், இதற்கென்றே பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகாதார அறநிதியைத் திரட்டி வைத்திருந்தது.

ஒருமுறை சொந்தக் காலில் நின்றதால் என்றும் நிற்போம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2022-இல் செலாவணி வற்றியபோது இலங்கையின் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மீண்டும் வெளியுதவியை நாட நேர்ந்தது. சுயபலம் என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய காப்பு.

முறையின்றி நின்றால் என்ன நேரும் என்பதற்கு ருமேனியா சாட்சி. அந்நாட்டின் வருமானம் உயர்ந்துவிட்டபடியால், எச்.ஐ.வி. கிருமியைத் தடுப்பதற்கு உலகநிதி ஒன்று அளித்துவந்த உதவி 2010-இல் முடிந்தது. நாட்டின் கணக்கில் பணம் இல்லாமலில்லை. ஆனால், போதை ஊசிப் பழக்கம் உடையோருக்குச் சுத்தமான ஊசி வழங்கும் வேலையைத் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்க அரசாங்கம் முன்வரவில்லை. புதிய வகைப் போதைப்பொருள்களும் அப்போது பரவின. விளைவாக, புதிதாக நோய் கண்டவர்களில் இப்பழக்கம் உடையோர் முன்பு நூற்றுக்கு மூவராக இருந்தது, 2013-இல் ஏறக்குறைய முப்பதாயிற்று. பணம் இருந்தும் பொறுப்பேற்க ஆள் இல்லாததன் பலன் இது.

நம் சங்கங்களுக்கு

மேற்கூறிய வரலாறுகளிலிருந்து தெளிவாவது ஒன்றே. உதவி நிற்கும் நாளில் ஒரு நாடு எப்படி இருக்கும் என்பது, உதவி வந்துகொண்டிருந்த நாட்களில் அது என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. நின்றபின் தேடுபவன் தவிக்கிறான். நிற்குமுன் தேடியவன் நடந்துவிடுகிறான்.

இதை நம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும். நம் சங்கம் பெறும் மானியத்தில் எவ்வளவு அன்றாடச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகிறது. எவ்வளவு தறிக்கும் கிடங்குக்கும் கிணற்றுக்கும் போகிறது? விழாக்காலத் தள்ளுபடிக்குரிய சர்க்கார் தொகை வந்தால்தான் சரக்கு நகரும் என்ற நிலை இருக்கிறதா. அன்றி, தள்ளுபடியில்லாத நாட்களிலும் நம் துணியைத் தேடி வருபவர் உண்டா? சர்க்கார் கொடுத்த பங்கு மூலதனத்தைத் திருப்பித் தரும் தவணைகள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா? அங்கத்தினர்களின் சிக்கனச் சேமிப்பும் சங்கத்தின் சேமநிதியும் ஆண்டுக்காண்டு ஏறுகின்றனவா? நூல் வாங்குவதும் சாயம் போடுவதும் சந்தை பார்ப்பதும் அறிந்த இளைஞர்கள் நம்மிடையே உருவாகிறார்களா. அன்றி எல்லாம் ஓர் அதிகாரியின் கையிலேயே இருக்கின்றனவா?

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது, லாபத்தைப் பங்கிடும் பேச்சுக்கு முன் இக்கேள்விகளைக் கேட்பது நலம். லாப ஈவு சிறிது குறைந்து சேமநிதி சிறிது ஏறுவதானால், அதை எதிர்க்காமல் ஏற்கும் மனமும் வேண்டும். தைவானின் உழவன் உரத்துக்கு அதிக நெல் அளந்தான். அவனைக் கலந்து கொள்ளாமலே அச்சுமையை அவன் தலையில் வைத்தார்கள். நம் சங்கத்தில் அப்படியல்ல. எவ்வளவு சுமப்பது, எதற்காகச் சுமப்பது என்பதைத் தீர்மானிக்கும் ஓட்டு ஒவ்வோர் அங்கத்தினரிடமும் இருக்கிறது. அவ்வோட்டைப் பயன்படுத்துவோமாக.